கட்டணம் 20 ரூபாய்தான். இருந்தும் நோயாளிகள் ஏன் குறைகிறார்கள்?

கேள்வி
பதிந்தவர்: அறக்கட்டளைச் செயலர், திண்டுக்கல் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில், நூற்பாலைகள் நிறைந்த ஒரு சிறு நகரத்தில் எங்கள் அறக்கட்டளை ஒரு புறநோயாளர் மருத்துவமனையை நடத்தி வருகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பொது மருத்துவர் ஒருவர் காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை நோயாளிகளைப் பார்க்கிறார். ஆலோசனைக்கும் மூன்று நாள் மாத்திரைக்கும் சேர்த்து 20 ரூபாய் மட்டுமே பெறுகிறோம். அதே தெருவில் மாலையில் திறக்கும் தனியார் கிளினிக்கில் ஆலோசனைக்கு மட்டும் 200 ரூபாய். மருந்தை வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும். சற்றுத் தொலைவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது, அங்கே எல்லாமே இலவசம். அப்படியிருந்தும் மாலை கிளினிக்கில் நாற்காலி போதாமல் மக்கள் வாசலில் நிற்கிறார்கள். எங்களிடம் வருவோரின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வருகிறது.

அந்த 20 ரூபாயையும் நீக்கிவிட்டால் கூட்டம் திரும்பிவிடும் என்று அறங்காவலர்களில் சிலர் சொல்கிறார்கள். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, கட்டணத்தை 50 ரூபாயாக உயர்த்தினால்தான் மக்கள் நம்புவார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் கட்டணத்தைத் தவிர வேறு எதையும் பேசாதது எனக்கு நெருடலாக இருக்கிறது. ஒரு குடும்பம் எப்போது மருத்துவரை நாடுகிறது, யாரை நாடுகிறது என்பதை உண்மையில் எவை தீர்மானிக்கின்றன? பொருளியல் படித்தவர்களும் களத்தில் பணியாற்றியவர்களும் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
பதிந்தவர்: பொருளியல் ஆசிரியர், மதுரை

ஐயா, உங்கள் மருத்துவமனையின் விலை 20 ரூபாய் என்று அறங்காவலர்கள் கருதுவதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையைக் காலை பதினொரு மணிக்கு உங்களிடம் அழைத்து வந்தால் அன்றைய கூலி முழுவதும் போய்விடும். ஆக அவர் கொடுக்கும் உண்மையான விலை 420 ரூபாய். வேலை முடிந்து வந்து மாலை கிளினிக்குக்குப் போனால் ஆலோசனைக்கு 200, மருந்துக்கு ஒரு நூறு என்று வைத்தாலும் 300 ரூபாயில் காரியம் முடிந்துவிடும். உங்கள் கட்டணத்தை நீக்கினால் 420 என்பது 400 ஆகும், அவ்வளவுதான். எதிர்த்திசையில் 50 ஆக்கினால் 450 ஆகும். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு மாலை கிளினிக்தான் மலிவு. எல்லாம் இலவசமான ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

கட்டணத்துக்கு விளைவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ரேண்ட் ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை நடத்திய காப்பீட்டுச் சோதனையில், குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்தார்கள். ஆண்டு உச்சவரம்பு வரை 95 சதவீதச் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருந்த குடும்பங்கள், முழுவதும் இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகவே மருத்துவத்துக்குச் செலவிட்டன. ஆகவே விலை கூடினால் மக்கள் மருத்துவரிடம் போவது குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: காசு கொடுக்க வேண்டியிருந்தவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை, பயனுள்ள சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்துக்கொண்டார்கள். பெரும்பாலோரின் உடல்நிலையில் அதனால் வேறுபாடு தெரியவில்லை. இரத்த அழுத்தம் இருந்த ஏழைகளிடம் குறிப்பாகத் தெரிந்தது. எது அவசியம், எது அவசியமில்லை என்று பிரித்தறியும் வேலையை நோயாளியின் பணப்பையிடம் ஒப்படைக்க முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு விந்தையும் உண்டு. வலியோ காய்ச்சலோ வந்துவிட்டால் கடன் வாங்கியாவது செலவழிக்கும் அதே குடும்பம், நோய் வராமல் காக்கும் பொருளுக்கு மிகச் சிறிய தொகை கேட்டாலும் பின்வாங்கிவிடும். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான குடற்புழு மாத்திரைக்குச் சிறு கட்டணம் வைத்தபோது, அதைப் பெற்றவர்களின் விகிதம் 75 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த கொசுவலைக்கு 60 அமெரிக்க சென்ட் விலை வைத்தபோது, பெறுவோர் 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் அதைக் கூடுதல் அக்கறையோடு பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆகவே 'இலவசம் என்றால் மதிப்பில்லை' என்னும் அறங்காவலர்களின் வாதத்துக்கு அந்த ஆய்வு துணை நிற்கவில்லை.

இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் நடந்ததையும் அவர்களிடம் சொல்லுங்கள். முகாம் ஏதும் நடத்தப்படாத ஊர்களில் குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி போடப்பட்ட விகிதம் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் அது 18 சதவீதமாயிற்று. முகாமோடு ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தபின் உணவுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39 சதவீதம். தடுப்பூசி எல்லா ஊர்களிலும் இலவசம்தான். மாறியது, போனால் செவிலியர் கட்டாயம் இருப்பார் என்ற உறுதியும், இன்றே போக ஒரு சிறு தூண்டுதலும் மட்டுமே.

எனவே என் ஆலோசனை இது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்க வருவோரிடம் கட்டணத்தை நீக்கிவிடுங்கள், ஏனெனில் அவர்களுக்கு இன்று வலியில்லை, சிறு தடையும் அவர்களை நிறுத்திவிடும். காய்ச்சல், இருமல் என்று வருவோரைப் பொறுத்தவரை கட்டணத்தை மறந்துவிட்டு நேரத்தை மாற்றுங்கள்.


மறுமொழி 2
பதிந்தவர்: கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு), விருதுநகர் மாவட்டம்

ஆசிரியர் ஐயா சொன்ன கூலிக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கைப் போடுபவர் நோயாளியேதான் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். துணை சுகாதார நிலையத்தில் இருந்த காலம் முழுவதும் நான் கண்டது வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே கிளம்பும் தாய், தனக்கு மாதக்கணக்கில் மிகை இரத்தப்போக்கு இருந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டார். மாமியாருக்கு மூட்டுவலி என்றால் மகனுக்கு விடுமுறை கிடைக்கும் நாள் வரை அந்த வலி காத்திருக்க வேண்டும். நோய் ஒருவருக்கு, காசு இன்னொருவரிடம், கூட வர வேண்டியவர் மூன்றாமவர் என்றிருக்கும் வீட்டில், மருத்துவரிடம் போவதென்பது ஒரு குடும்பத் தீர்மானம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபின், துணைக்கு ஆண் இல்லாமல் இரண்டு பெண்களாகச் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது சுகாதாரத் துறையின் திட்டமே அல்ல. இருந்தாலும் சுகாதார நிலையத்தின் வருகைப் பதிவேட்டில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

மருத்துவர் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனையில் பெண் மருத்துவர் இல்லையென்றால், நடுவயதுப் பெண்களின் பாதிக் குறைகள் உங்கள் வாசலுக்கே வராது. அதேபோல் காசநோய், தொழுநோய், மனநலம், பால்வினை நோய் ஆகியவற்றுக்கு மக்கள் அருகிலிருக்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் பேருந்து ஏறிப் போவார்கள். தொலைவு கூடினால் நோயாளி குறைவார் என்னும் பொதுவிதி அங்கே தலைகீழாகிவிடுகிறது.

மக்களின் நாட்டத்தை மாற்றவே முடியாது என்று சோர்வடைய வேண்டாம் என்பதற்குப் பிரசவத்தைச் சொல்வேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் வீட்டுப் பிரசவம் சாதாரணமாக நடந்தது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது ஒரே ஆணையால் வந்த மாற்றமன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருக்கும்படி மூன்று பணிமுறைகள் வைத்தார்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், பிறகு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பெண்கள் படித்தார்கள், திருமண வயது கூடியது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் இயலாது. இரவு இரண்டு மணிக்குப் போனாலும் ஆள் இருப்பார் என்ற நம்பிக்கைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். தனியாரிடம் பிரசவம் பார்க்க முடிவு செய்த வசதியான வீட்டுப் பெண்கள்கூட, பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வேண்டும் என்பதற்காக எங்களிடம் பதிவு செய்ய வருவார்கள். அப்படி வந்த சிலர் இரும்புச்சத்து மாத்திரையும் ஊசியும் எங்களிடமே தொடர்ந்தார்கள்.

ஊசி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாலை கிளினிக்கில் ஊசி போடுகிறார்களா என்று பாருங்கள். ஊசி போடாத டாக்டர் வைத்தியம் பார்க்கவில்லை என்று நினைப்போர் இன்னும் நிறைய இருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் நேர்மையாக மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புகிறார் என்றால், அந்த நேர்மைக்காகவே சிலரை இழந்திருப்பீர்கள். அதை ஈடுகட்ட ஊசியைத் தொடங்கிவிடாதீர்கள், ஐயா.


மறுமொழி 3
பதிந்தவர்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

இலங்கையிலும் இதே கேள்வி வேறு வடிவத்தில் இருக்கிறது. இங்கே அரச வைத்தியசாலைகளில் கட்டணம் 1951-இலேயே நீக்கப்பட்டது. இடையில் 1971-இல் வெளிநோயாளர்களிடம் 25 சதம் (கால் ரூபாய்) அறவிடும் முறை கொண்டுவரப்பட்டு, 1977-இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆயினும் வெளிநோயாளர் வருகைகளில் ஏறத்தாழ அரைவாசி இன்றும் தனியாரிடமே செல்கிறது. வார்டில் அனுமதிக்கப்படுவோரில் மட்டும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரச வைத்தியசாலைகளையே நாடுகிறார்கள். ஒரே மக்கள், ஒரே நாடு. சிறு நோய்க்குக் காசு கொடுக்கிறார்கள், பெரு நோய்க்கு இலவசத்தை நம்புகிறார்கள்.

இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாலையில் தனியாரிடம் 'சனல்' பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, பார்க்கும் விசேட வைத்திய நிபுணர், காலையில் அரச போதனா வைத்தியசாலையில் இருக்கும் அதே நிபுணர்தான். மக்கள் அங்கே வாங்குவது அவருடைய அறிவை மட்டுமன்று. தாங்கள் விரும்பும் நிபுணரைத் தெரிவு செய்யும் உரிமையையும், அமர்ந்து பேசப் பத்து நிமிடங்களையும், விடுப்பு எடுக்காமல் மாலையில் போகும் வசதியையும் சேர்த்தே வாங்குகிறார்கள். சத்திரசிகிச்சை என்று வரும்போது அந்த வசதிகளின் விலை ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்துவிடுவதால், அரச வார்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதோடு, பெரிய கருவிகளும் இரவு பகல் நிபுணர்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

2022-இன் பொருளாதார நெருக்கடியில், எரிபொருளும் மருந்தும் இல்லாமற்போன மாதங்களில், கட்டணமில்லா வைத்தியசாலைகளுக்கே வர முடியாமற்போனவர்கள் உண்டு. வந்தவர்களில் பலர் மருந்துச் சிட்டையோடு வெளியே உள்ள பார்மசிக்கு அனுப்பப்பட்டார்கள். விலைப்பட்டியலில் எதுவும் மாறவில்லை, ஆனால் போய்ப் பயனில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. மருந்து திரும்ப வந்த பின்னும் அந்த எண்ணம் உடனே விலகவில்லை. உங்களிடம் எப்போதாவது மருந்து தீர்ந்து நோயாளிகளை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறீர்களா என்று பார்ப்பது நல்லது.


மறுமொழி 4
பதிந்தவர்: மருத்துவக் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவன், கோயம்புத்தூர்

மேலே எழுதிய மூவரும் நோயாளியையும் அவர் குடும்பத்தையுமே பேசினார்கள். அரிசி வாங்குபவருக்குத் தமக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று தெரியும். மருத்துவரிடம் போகிறவருக்குத் தமக்கு என்ன வேண்டும் என்பது தெரியாததால்தான் அவர் போகிறார். முதல் வருகை வரை நோயாளியின் முடிவு. அதன்பின் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மறுவருகை, அறுவைச் சிகிச்சை எல்லாம் பெரும்பாலும் மருத்துவரின் முடிவு. விற்பவரே வாங்குபவருக்காக முடிவெடுக்கும் இத்தகைய சந்தையில், மருத்துவர் வழங்குவதைத் தனியே, நோயாளி நாடுவதைத் தனியே அளப்பது கடினம். மருத்துவமனையில் கட்டில் போட்டால் அது நிரம்பிவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ரோமர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னார்.

செவிலியர் அம்மா குறிப்பிட்ட அதே கணக்கெடுப்பிலிருந்து இன்னொரு எண்ணைத் தருகிறேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதமும் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதமும் சிசேரியன். அகில இந்திய அளவில் இவை 14.3, 47.4. இந்த இடைவெளியின் பழி முழுவதையும் மருத்துவர் மீது சுமத்துவது நியாயமாகாது. நல்ல நேரமும் நட்சத்திரமும் குறித்துக்கொண்டு வந்து அந்த நாழிகைக்குள் குழந்தையை எடுத்துத் தரச் சொல்லும் குடும்பங்களையும், வலிக்கு அஞ்சித் தாமே கேட்கும் தாய்மார்களையும் இத்துறையில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆனால் அரசு மருத்துவமனைகளிலேயே அகில இந்திய அளவைப்போல இரண்டரை மடங்கு இருப்பதற்கு, பணம் ஈட்டும் நோக்கம் ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது.

காப்பீடும் நாட்டத்தைத் திசை திருப்புகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. சாதாரணப் புறநோயாளர் செலவு அதில் வராது. விளைவாக, இதயத்தில் ஸ்டென்ட் வைப்பது நோயாளிக்கு இலவசம். அந்த நிலைமை வராமல் தடுத்திருக்கக்கூடிய மாதாந்திர மாத்திரையைத் தனியாரிடம் வாங்கினால் முழுச் செலவும் கையிலிருந்து போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதால் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது.

அறக்கட்டளைச் செயலர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். உங்கள் வருகை குறையத் தொடங்கிய காலத்தில், உங்களிடம் மாதந்தோறும் மாத்திரை வாங்கிய முதியவர்களுக்கு அது வீட்டிலேயே கிடைக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் அந்தக் குறைவு வருத்தப்பட வேண்டிய செய்தியே இல்லை. அறுபது வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10.4 சதவீதமாக இருந்தார்கள்; 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். நோயாளிகள் குறைந்துபோகும் ஊர் எதுவும் இங்கே இல்லை. உங்களிடமிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.


கேள்வியாளரின் பதில்

அனைவருக்கும் நன்றி. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். காப்பீட்டுத் துறை நண்பர் ஊகித்தது பாதியளவு சரி: அறுபதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் பலர் வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் குழந்தைகளின் வருகையும் குறைந்திருக்கிறது. அதற்கு வீடு தேடி வரும் மாத்திரை காரணமாக இருக்க முடியாது. ஊசியைப் பொறுத்தவரை செவிலியர் அம்மா சொன்னது முற்றிலும் உண்மை. எங்கள் மருத்துவர் அதில் கண்டிப்பானவர். யாழ்ப்பாண நண்பர் கேட்டதுபோல் மருந்து தீர்ந்துபோன நாட்கள் இருந்தனவா என்று மருந்தாளுநரிடம் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் சிக்கல் நேரத்தைப் பற்றியது. எங்கள் மருத்துவர் வயதானவர். மாலையில் அவரால் வர இயலாது. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கூடுதலாகத் திறந்தால் போதுமா?


மறுமொழி 5
பதிந்தவர்: பொருளியல் ஆசிரியர், மதுரை

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. குழந்தையின் காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காது. ஆனால் தள்ளிப்போடக்கூடிய குறைகளுக்கு, குறிப்பாகச் செவிலியர் அம்மா சொன்ன பெண்களின் குறைகளுக்கு, ஞாயிறு காலை பொருத்தமானது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் திண்டுக்கல்லிலிருந்து பெண் மருத்துவர் ஒருவரை வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். துணைக்கு வருபவருக்கும் அன்று விடுமுறையாக இருக்கும். குழந்தைகளுக்கென்று வாரத்தில் இரண்டு மாலைகளாவது இளம் மருத்துவர் ஒருவரை மதிப்பூதியத்துக்கு அமர்த்தலாம். ஆலைகளில் பகல் ஷிப்ட் எப்போது விடுகிறது என்று விசாரித்து அதற்கு ஏற்ப நேரத்தை வையுங்கள்.

எதையும் முடிவு செய்யுமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே. வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆலை வாசலிலும் அங்கன்வாடியிலும் நூறு குடும்பங்களைச் சந்தித்து, கடைசியாக வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லாதபோது எங்கே போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், யார் கூட்டிப்போனார்கள், மொத்தம் எவ்வளவு செலவாயிற்று, அன்று கூலி போயிற்றா என்று மட்டும் கேளுங்கள். 'எங்கள் மருத்துவமனை எப்படி' என்று கேட்காதீர்கள்; முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்லமாட்டார்கள். எங்கும் போகவில்லை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டோம் என்று சொல்பவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான போட்டியாளர் மாலை கிளினிக்கா, மருந்துக் கடையா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும். மருந்துக் கடை என்றால் மாலையில் மருத்துவரை அமர்த்துவதும் பாதிப் பலன்தான் தரும். அப்போது வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும். விடைகள் கிடைத்ததும் இங்கே பதிவிடுங்கள், பார்ப்போம்.